வளையத்தில் கோத்த அட்டைகள்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் சின்னவளைக் கையில் கம்பி வெட்டியோடு சமையலறை வாசலில் நிறுத்தியிருந்தோம். ஏழு நாளும் அவள் அங்கேயே நின்றிருப்பாள் என்று யாராவது நினைத்திருந்தால், அவளை அவர்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். நாம் இந்தப் பக்கம் திரும்பிய மறு நிமிடமே அவள் உள்ளே போய்விட்டாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகலாம். சின்னவள் பஸ் கண்டக்டர். ஏழு வருஷமாகத் தற்காலிகம். டிக்கெட் கிழித்துக்கொண்டே பெரிய வண்டி ஓட்டக் கற்று, உரிமம் வாங்கி, டிப்போ நடத்திய டிரைவர் தேர்விலும் தேறிவிட்டாள். இன்று மாலை நான்கு மணிக்குள் அசல் தேசிய அடையாள அட்டையைக் காட்டினால் அவள் நிரந்தர டிரைவர். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு வேலை. நகல் செல்லாது, சமாதானமும் செல்லாது.

அந்த அட்டை அவளிடம் இல்லை. அவள் அண்ணனிடம் இருக்கிறது.

அண்ணன் பூட்டுக்காரர். கடைத்தெரு முனையில் சாவி வெட்டும் கடை. யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால், தொலைந்துபோகிற எதன் மேலும் அவருக்கு ஒரு தனிக் கோபம் உண்டு. கடையில் எந்தப் பொருளும் தனியாகக் கிடக்காது. பித்தளை வில்லை, மாதிரிச் சாவி, மின்கட்டண ரசீது என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஓட்டை, எல்லா ஓட்டைக்கும் ஒரு வளையம். வீட்டில் உள்ளவர்களின் அடையாள அட்டைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூலையில் ஓட்டை போட்டு, எஃகு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயையும் பற்றவைத்து மூடிவிட்டார். மூன்று வருஷமாக அந்த வீட்டில் ஒரு அட்டை வெளியே போக வேண்டும் என்றால் நான்கும் போகும். நான்கு போனால் கூடவே பூட்டுக்காரரும் போவார்.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று அவருடைய அட்டையைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டி ஒரு பழைய சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவரும்வரை, அப்பா ஒன்றரை மணி நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு நான்கு நாள்தான் இருந்தார். முன்னாலேயே சேர்த்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றுதான் டாக்டர் சொன்னார். பூட்டுக்காரர் அதை நம்பவே இல்லை.

பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தையும் பற்றவைத்து மூடிவிட்டார்.

இந்த வேலை விஷயம் வந்தபோது அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். விடியற்காலையில் எழுந்து ஊர் ஊராக வண்டி ஓட்டுவது உனக்குச் சரிப்படாது, கண்டக்டராக இருந்ததே போதும் என்றார். அட்டையைக் கேட்டவளிடம், வேலைக்குப் போகாதவளுக்கு அட்டை எதற்கு என்று கேட்டார்.

இன்று காலை போன் கம்பெனியில் ஏதோ வேலை இருந்ததால், பூட்டுக்காரர் வளையத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அண்ணி அடுப்பருகே நின்றிருந்தாள். சின்னவள் நேரே வந்து எதிரில் நின்றாள்.

நேற்றே அவர் குளிக்கப் போனபோது எடுத்திருக்கலாம். மனசு அந்தப் பக்கம் போகத்தான் செய்தது. ஆனால் கள்ளத்தனமாக எடுக்க இது அடுத்தவர் பொருளா என்ன. தன் பொருளைத் தான் எடுப்பதை அண்ணன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

“அண்ணா, என் கார்டைக் கழட்டிக் குடுங்க.”

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சனிக்கிழமை கடை அரை நாள்தான், நானே கூட வந்து காட்டுகிறேன், அதுவரை பொறு என்று ரொட்டியோடு பேசினார். சனிக்கிழமைக்குள் பட்டியல் மூடிப்போய்விடும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

சின்னவள் வளையத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கம்பி வெட்டியின் வாயை அதில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். பற்றவைத்த இடம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு விட்டுவிட்டது. வளையம் ஒரு பக்கம் தெறிக்க, நான்கு அட்டைகளும் தரையில் சிதறின.

குனிந்து தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டாள். மற்றவற்றை அண்ணி பொறுக்கினாள்.

பூட்டுக்காரர் கத்தவில்லை. அவர் கத்துகிற ஜாதியில்லை, அது வேறு தொல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, “சாயங்காலம் அதைக் கொண்டாந்து என் கையில குடுத்துடணும், பாப்பா” என்றார். முப்பத்து மூன்று வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

“குடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டுப் போறேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க.”

கம்பி வெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டாள். அது டிப்போ ஒர்க்‌ஷாப்பில் இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

டிப்போவில் டிக்கெட் அறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில்தான் சரிபார்ப்பு நடந்தது. ஒரு மேஜை, இரண்டு இரும்பு பீரோ, சுற்றும்போது தலையை ஆட்டுகிற ஒரு மின்விசிறி. சின்னவளுக்கு முன்னால் ஆறு ஆண்கள். அவளுக்கு அன்று யாரைப் பார்த்தாலும் சந்தோஷமாக இருந்தது. அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சொந்தப் பையில் சொந்த அட்டை இருப்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று தன்னைத்தானே கேலியும் செய்துகொண்டாள்.

மேஜைக்குப் பின்னால் ஓய்வு பெற இரண்டு வருஷமே இருந்த ஒரு கண்ணாடிக்காரர். எல்லாவற்றையும் இரண்டு தரம் படிப்பவர். அவளுடைய உரிமத்தைப் படித்தார், தேர்வு மதிப்பெண்ணைப் படித்தார், தலையை ஆட்டினார். அட்டையைக் கையில் வாங்கியதும் ஆட்டம் நின்றது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். மூலை ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து அவர் கன்னத்தில் விழுந்தது.

“இந்த ஓட்டை யார் போட்டது?”

அவள் சிரித்துக்கொண்டே வளையத்தின் கதையைச் சொன்னாள். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை.

“ஏம்மா, பதிவு ஆபீஸ்ல இந்த மூலையில எப்ப ஓட்டை போடுவாங்க தெரியுமா? ஆள் செத்துப்போனா, அந்தக் கார்டை வாங்கி இங்க ஒண்ணு போட்டு வீட்டுக்காரங்க கிட்டத் திருப்பிக் குடுப்பாங்க. இனிமே செல்லாதுன்னு அர்த்தம். இந்தக் கார்டுப்படி நீங்க இப்ப இல்லை.”

சின்னவள் கையை நீட்டி அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

அப்பா இறந்ததைப் பதியப் போனவர் பூட்டுக்காரர்தான். அப்பாவின் அட்டையோடு திரும்பி வந்தார். அதன் மூலையில் ஓர் ஓட்டை. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அவர் பார்த்ததெல்லாம் ஓட்டையை மட்டும்தான். நேர்த்தியாக இருக்கிறது, ஆபீஸ்காரர்களே கோத்து வைப்பதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துபோனார். நேரே கடைக்குப் போய், வில்லைக்கு ஓட்டை போடும் கருவியில் அதே அளவு முனையை மாட்டி, உயிரோடு இருந்த மூன்று பேர் அட்டையிலும் அதே மூலையில் அதே போல ஒன்று போட்டுவிட்டார். வேலை சுத்தமான வேலை. மயிரிழை வித்தியாசம் கிடையாது. இத்தனை நாளும் அட்டையை நீட்டியவர் அவரே, ஓட்டையை அடைத்துக்கொண்டு வளையமும் இருந்தது. அதனால் எவர் கண்ணிலும் படவில்லை.

ஆக, யாரும் எதையும் தொலைத்துவிடக் கூடாது என்று பாடுபட்ட மனுஷன் குடும்பம் முழுவதையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். தன்னையும் சேர்த்து.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அதற்கு மேல் ஆத்திரமும் வந்தது.

“சார், நான் உங்க முன்னாடி நிக்கிறேன். ஏழு வருஷமா தினமும் உங்க ஜன்னல்ல வந்துதான் டிக்கெட் கட்டு வாங்கறேன்.”

“எனக்குத் தெரியுது. இந்தப் பேரேட்டுக்குத் தெரியலையே.” அவர் பொல்லாதவர் இல்லை. பதிவு ஆபீசுக்குப் போ, உன் எண் உயிரோடு இருக்கிறது, புது அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறாய் என்று முத்திரை வைத்த ரசீது ஒன்று வாங்கி வா, அதுவே போதும் என்றார். ஆனால் நான்கு அடித்தால் பேரேட்டை மூடி மேலே அனுப்பிவிடுவேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றும் சொன்னார். அப்போது மணி பதினொன்று ஐந்து.

பதிவு ஆபீஸ் ஊரின் மறு கோடியில். அவளுக்கு டோக்கன் எண் எண்பத்தாறு. பலகையில் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. தரையோடு திருகி வைத்த இரும்பு நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஒருத்திக்குப் பரீட்சை அறைக்குள் விட அட்டை வேண்டும். ஒருவருக்கு வாடகை வீட்டுக்கு. இன்னொருவருக்குப் போன் இணைப்புக்கு. ஒரு கிழவர் ஓட்டுப் போட வேண்டும், அதற்குத்தான் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் கையில் அவரவர் அட்டையை வைத்திருந்தார்கள். சின்னவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போன் வாங்கிய அன்று அண்ணன் வளையத்தோடு கூட வந்தார். கடைக்காரன் எந்தத் திட்டம் வேண்டும் என்று அவரிடம் கேட்டான், அவர் பதில் சொன்னார், பணம் மட்டும் அவள் கொடுத்தாள். பஸ் படியில் விழுந்து மணிக்கட்டு பிசகியபோது, அவர் கடையைப் பூட்டிவிட்டு வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா உட்கார்ந்திருந்த அதே ஆஸ்பத்திரி. இனி யாரும் அட்டைக்காகக் காத்திருக்கக் கூடாது என்றுதானே அந்த வளையம் பிறந்தது. அன்று அவளுக்கு இது தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

எண்பத்தாறு வந்தபோது மணி ஒன்று நாற்பது. மூன்றாவது கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு ஜலதோஷம். அட்டையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், கட்டை விரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தது.

“நம்பர் உயிரோடதான் இருக்கு. கார்டுதான் செத்துப்போச்சு” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு படிவத்தை நீட்டினாள்.

படிவத்தில் காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள். தொலைந்தது. சேதமானது. கவுண்டர்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு நல்ல யோசனை சொன்னாள். இந்த ஓட்டை அட்டையை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு, தொலைந்தது என்று டிக் போடுங்கள், ஐந்து நிமிடத்தில் ரசீது தருகிறேன். சேதம் என்று போட்டால் பெரிய சிக்கல். செல்லாது என்கிற அடையாளத்தை வெளி ஆள் ஒருவர் போட்டிருக்கிறார், யார் போட்டது, எப்படிப் போட்டார் என்று எழுத வேண்டும். பார்த்த சாட்சி ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போட்டவருக்கு விசாரணைக் கடிதம் போகும்.

சின்னவள் பேனாவை எடுத்தாள். நூலால் மேஜையோடு கட்டிப்போட்ட பேனா. தொலைந்தது என்கிற கட்டத்துக்கு அருகே முனையைக் கொண்டுபோனவள், அங்கேயே நிறுத்தினாள்.

“தொலைஞ்சதுன்னு போட்டா புதுக் கார்டு எங்க வரும்?”

“தபால்ல வரும். குடும்பத் தலைவர் பேருக்கு.”

“சேதம்னு போட்டா?”

“பத்து நாள் கழிச்சு நீங்களே இங்க வந்து விரல் வச்சு வாங்கிக்கணும். வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்.”

தபால்காரர் மணி அடிப்பார், அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்குவார், கடைக்கு எடுத்துப் போவார், கருவியில் முனையை மாட்டுவார். எல்லாம் அவள் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தப் பொய்யாலேயே மறுபடியும் வளையத்துக்குள் போய் விழுவதா.

“அது தொலையலை. தொலைஞ்சதுன்னு நான் எழுத மாட்டேன்.”

கவுண்டர்காரி பெருமூச்சு விட்டாள். போட்டவர் யார், என்ன தொழில் என்று கேட்டாள். அண்ணன், பூட்டு சாவிக் கடை என்று சின்னவள் சொன்னதும், அந்தப் பெண் தும்மலை அடக்கிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தாள். சாவி வெட்டுகிறவர்களுக்கு உரிமம் கொடுக்கும்போது அரசாங்கம் முதலில் பார்ப்பதே நாணயத்தைத்தான், அடையாள அட்டையில் கை வைத்தார் என்று வந்தால் உரிமத்தையே கேள்வி கேட்கலாம், யோசித்து எழுதுங்கள் என்றாள்.

சின்னவள் யோசித்தாள். பொய் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனைக் கவிழ்க்கவும் வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். அதற்குப் படிவத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம் இருந்தது. எழுதினாள்.

‘ஓட்டை போட்டது என் அண்ணன், அதன் அர்த்தம் தெரியாமல். அட்டையை என்னிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டதும் என் அண்ணன், தெரிந்தே.’

“ரெண்டாவது வரி தேவையில்லையே” என்றாள் கவுண்டர்காரி.

“அதுக்காகத்தான் நான் வந்ததே.”

இனி சாட்சி. ஓட்டை போட்டபோது கடையில் யார் இருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அண்ணி இருபது வருஷத்தில் அண்ணனை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. உப்புக் குறைந்தால்கூட நான்தான் மறந்துட்டேன் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிற பெண். அவளை இதில் இழுத்துவிடலாமா, இழுத்தால்தான் வருவாளா. மணி இரண்டாகப் போகிறது. வேறு வழியும் இல்லை. சின்னவள் போனை எடுத்து, நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள். அண்ணன் கடைக்குச் சிக்கல் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

மறு முனையில் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ குழாயை மூடினார்கள்.

“எத்தனாவது கவுண்டர்?” என்று கேட்டாள் அண்ணி.

இரண்டு நாற்பதுக்கு வந்து சேர்ந்தாள். தவறான பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, வழி கேட்டு நடந்தே வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. கவுண்டருக்கு முன்னால் நின்று, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினாள்.

“நான்தான் பிடிச்சுக்கிட்டேன். மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நழுவாம பிடின்னு சொன்னார். பிடிச்சேன். இது எதுக்குங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கலை.”

சாட்சி சொல்பவரும் தன் அட்டையைக் காட்ட வேண்டும். அண்ணி கைப்பையைத் திறந்தாள். காலையில் தரையிலிருந்து பொறுக்கியவற்றில் இரண்டைத்தான் கணவர் தட்டருகே திருப்பி வைத்திருந்தாள், ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள் என்பது சின்னவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அதை நீட்டினாள். அதே மூலை. அதே ஓட்டை.

கவுண்டர்காரி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“உங்க வீட்டுல உயிரோட யாராவது இருக்கீங்களா?”

“இப்பத்தான் ஒவ்வொருத்தரா வர்றோம்” என்றாள் சின்னவள்.

அண்ணியின் கட்டை விரலுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. சாட்சி என்ற இடத்தில் அவள் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

“எனக்கும் ஒரு பாரம் குடுங்க.”

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணி அவளைப் பார்க்காமல், கவுண்டர் கம்பியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அடுத்த மாசம் என் பெரிய பொண்ணுக்குப் பதினெட்டு முடியுது. அவளுக்கும் கார்டு வரும். அதையும் நான் அடுக்கிப் பிடிச்சுக் குடுக்கணுமா?”

சின்னவள் நகர்ந்து அவள் பக்கத்தில் நின்றாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் இவளை ஒரு வாயில்லாப் பூச்சி என்று தான் நினைத்ததற்காக மனசு குறுகிப்போனது.

ரசீது கைக்கு வந்தபோது மூன்று பதினெட்டு. கூடவே பூட்டுக்காரர் பேருக்கு ஒரு விசாரணைக் கடிதம், இரண்டு படிவங்களின் நகலோடு. வியாழக்கிழமை பத்து மணிக்குத் தன் அட்டையுடன் நேரில் வர வேண்டும். தபாலில் அனுப்பட்டுமா என்று கவுண்டர்காரி கேட்டாள். வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சின்னவள் வாங்கிக்கொண்டாள். காலையில் அவர் கண் முன்னால் செய்ததை மாலையில் முதுகுக்குப் பின்னால் செய்ய அவளுக்கு இஷ்டமில்லை.

டிப்போவுக்கு அவர்கள் வந்த பஸ் பாலத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டது. கடைசி இரண்டு நிறுத்தத்தை இறங்கி ஓடியே கடந்தார்கள். அண்ணி ஓடி சின்னவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்காரர் பேரேட்டை மூடி, அதன் நாடாவைக் கையில் எடுத்திருந்தார். ரசீதை முதல் தரம் படித்தார். இரண்டாம் தரம் படிக்கும்போது சுவர்க் கடிகாரத்தைச் சின்னவள் பார்க்கவில்லை, அண்ணிதான் பார்த்தாள். நான்கு அடிக்க மூன்று நிமிடம். அவர் நாடாவை விட்டுவிட்டுப் பேரேட்டைத் திறந்தார். பதினேழாவது வரியில் அவள் பெயரையும் எண்ணையும் எழுதி, ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார்.

“ஒண்ணாந்தேதி காலையில அஞ்சு மணிக்கு வண்டி. தூங்கிடாதீங்க.”

சின்னவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

ஐந்தரை மணிக்குக் கடைத்தெருவில் கூட்டம் இருந்தது. பூட்டுக்காரர் ஒரு சாவியை இடுக்கியில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பட்டறை மேல் ஒரு புது வளையம். காலையில் வெட்டியதைவிடத் தடிமனான கம்பி. அதில் அப்பாவின் அட்டையும் அவருடைய அட்டையும் ஏறியிருந்தன. வாயை இன்னும் பற்றவைக்கவில்லை, அகலத் திறந்தே வைத்திருந்தார். மீதி இரண்டுக்குக் காத்திருந்தார் என்று கேட்காமலே தெரிந்தது.

இரண்டு பெண்களும் சேர்ந்து வந்து நிற்பதைப் பார்த்து அவர் புருவத்தைச் சுருக்கினார். ஆனால் கேட்கவில்லை. அரத்தை வைத்துவிட்டு, சின்னவளை நோக்கிக் கையை நீட்டினார். கோபத்தில் நீட்டிய கை இல்லை. பழக்கத்தில் நீட்டியது.

அந்தக் கையில் அவள் கடிதத்தை வைத்தாள்.

வேலை கிடைத்ததைச் சொன்னாள். அட்டையில் இருந்த ஓட்டைக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னாள். அவர் குனிந்து வளையத்தில் இருந்த தன் அட்டையைத் தூக்கி, அப்பாவுடையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. செய்நேர்த்தியில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாத வேலையைத் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வெறுத்திருப்பார். அவளுக்கு அவர் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கத்துக்காகக் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிற எண்ணம் இல்லை.

அவர் கடிதத்தைப் படித்தார். அதன் பின்னால் இருந்த படிவத்தின் இரண்டு வரிகளையும் படித்தார்.

“தெரிஞ்சே வச்சுக்கிட்டேன்னு எழுதியிருக்க.”

“ஆமாம்.”

“அன்னிக்கு அப்பா அந்த பெஞ்சுல எப்படி உட்கார்ந்திருந்தார்னு உனக்குத் தெரியாது பாப்பா. தெரிஞ்சிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்ட.”

“அவர் தலை என் தோள்ல இருந்துச்சு அண்ணா. கார்டைத் தேடி வீட்டுக்கு ஓடினது நீங்க. கூட இருந்தது நான். அன்னிக்குக் காணாமப் போனது அப்பா கார்டு. என்னோடது என் பையிலதான் இருந்துச்சு. நான் எதையும் தொலைக்கலை.”

பூட்டுக்காரர் அரத்தை எடுத்து, மறுபடி கீழே வைத்தார். சாவிக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர் எங்கோ பார்ப்பது போல நின்றுகொண்டார். வியாழக்கிழமை போகப் போவதில்லை, என் கடைக்கு என்ன ஆகிறதோ ஆகட்டும் என்று பூட்டுக்காரர் சொன்னார். அது உங்க இஷ்டம் என்றாள் சின்னவள். ஒன்றாம் தேதி ஐந்து மணிக்கு என் வண்டி கிளம்பும், அதை மட்டும் இனி யாரும் நிறுத்த முடியாது என்றாள்.

அவர் மறுபடி காகிதத்துக்குள் குனிந்தார். அடியில் ஓரிடத்தில் அவர் கண் நின்றது. இருபது வருஷமாக வீட்டுக்கு வந்த எல்லாப் படிவங்களிலும் குடும்பத் தலைவர் என்று முதலில் அப்பாவும், அவருக்குப் பிறகு பூட்டுக்காரரும் மட்டுமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இந்தக் கையெழுத்தை அவர் இதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை.

“சாட்சின்னு போட்டிருக்கே. இது யாரோடது?”

சின்னவள் பக்கவாட்டில் விலகி நின்றாள். சொல்ல வேண்டியது அவள் இல்லை.

அண்ணி ஓர் அடி முன்னால் வந்து, பட்டறை மேல் இருந்த விளக்கைக் காகிதத்தின் பக்கம் திருப்பி வைத்தாள்.

“என்னோடது” என்றாள். “நல்லாப் பாத்துக்குங்க.”